வோல்கா காஸ்-21: பழுதுள்ள பழைய சோவியத் காரை விற்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்க்கி நகரத் தொழிற்சாலையில் 1956 முதல் 1970 வரை தயாரான வோல்கா காஸ்-21 கார்கள் ரஷ்யாவின் கராஜ்களிலும் கிராமத்துக் கொட்டகைகளிலும் இன்னும் கணிசமாகவே இருக்கின்றன. கார்க்கியின் இன்றைய பெயர் நீஷ்னி நோவ்கரத். இந்த வண்டிகளில் பல ஆண்டுக்கணக்கில் சாவி போடப்படாதவை. தரை துருவால் அரிக்கப்பட்டவை. யாரோ சீரமைக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவை. அத்தகைய ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்து, அதைச் சீரமைக்க மனமோ பணமோ இல்லாமல் விற்க நினைத்தால் எழக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டிருக்கிறது. சட்டம், ஆவணம், வரி பற்றிய பகுதிகள் ரஷ்ய நாட்டு நடைமுறையைச் சேர்ந்தவை.

ஓடாத, துருப்பிடித்த வண்டியை வாங்க யார் வருவார்கள்?

நான்கு வகையினர் வருவார்கள். ஏற்கெனவே ஒரு வோல்காவை வைத்துக்கொண்டு அதற்குப் பாகங்கள் தேடுபவர் ஒருவர். முதன்முறையாகத் தன் கையால் ஒரு பழைய வண்டியைக் கட்டியெழுப்ப ஆசைப்படுபவர் இன்னொருவர். திருமணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட வண்டி தயார் செய்பவர் மூன்றாமவர். வாங்கிய கையோடு கழுவி, படமெடுத்து, கூடுதல் விலைக்கு விளம்பரம் செய்யும் இடைத்தரகர் நான்காமவர். பெரும்பாலும் முதலில் தொலைபேசுபவரும் இவரே. இந்த நால்வரும் ஒரே வண்டியில் நான்கு வெவ்வேறு பொருள்களைப் பார்க்கிறார்கள். பாகம் தேடுபவருக்கு ஆவணம் பொருட்டல்ல, குரோம் பட்டை உடையாமல் இருந்தால் போதும். கட்டியெழுப்ப நினைப்பவருக்கோ குரோம் இரண்டாம்பட்சம். பாடி நேராக இருக்கிறதா, பதிவு மாற்ற முடியுமா என்பதே கேள்வி. உங்கள் வண்டி யாருக்கு ஏற்றது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் விலையையும் விளம்பரத்தையும் அதற்கேற்ப அமைக்கலாம்.

என் வண்டி எந்தத் தொடரைச் சேர்ந்தது என்பதை எப்படி அறிவது?

முன்புற கிரில்லைப் பார்த்து ஊகிக்கலாம், ஆனால் அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. முதல் தொடரில் கிடைமட்டப் பட்டைகளின் நடுவே ஒரு நட்சத்திரம் இருக்கும். 1958 வரை வந்தவை இவை. இரண்டாம் தொடரில் 16 நெடும் பிளவுகள் கொண்ட தகடு இருக்கும். இதை ரஷ்யர்கள் சுறாவாய் என்பார்கள். 1962-இல் தொடங்கிய மூன்றாம் தொடரில் 37 மெல்லிய செங்குத்துக் கம்பிகள் இருக்கும். இது திமிங்கில மீசை. மொத்தம் தயாரான 6,39,000-க்கும் சற்று மேற்பட்ட கார்களில் பெரும்பங்கு மூன்றாம் தொடரே என்பதால், நட்சத்திர கிரில் கொண்ட வண்டிக்கு விலை தனி.

சிக்கல் எங்கே என்றால், அந்தக் காலத்திலேயே உரிமையாளர்கள் பழைய வண்டிக்குப் புதிய தொடரின் முகத்தைப் பொருத்திக்கொண்டார்கள். இப்போதோ அதற்கு நேர்மாறாக, மூன்றாம் தொடர் வண்டிக்கு நட்சத்திர கிரில் மாட்டி விலையேற்றுபவர்கள் இருக்கிறார்கள். எனவே எஞ்சின் அறையில் உள்ள தொழிற்சாலைத் தகட்டில் மாடல் எழுத்தையும் எண்களையும் படியுங்கள். வண்டிக்கு அடியில் பார்த்தாலும் ஒரு தடயம் கிடைக்கும்: முதல் இரு தொடர்களில் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர், மூன்றாம் தொடரில் இன்று நாம் அறிந்த குழாய் வகை.

அரிய வகைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பின்புறம் நீண்ட ஸ்டேஷன் வேகன் வடிவமான காஸ்-22 சோவியத் காலத்தில் தனியாருக்கு அநேகமாக விற்கப்படவே இல்லை; ஆகவே உண்மையான ஒன்று அகப்பட்டால் துரு எவ்வளவு இருந்தாலும் மதிப்பு உண்டு. உளவுத்துறைக்கென, சோவியத் உயரதிகாரிகளுக்கான பெரிய காரான சைகாவின் 5.5 லிட்டர் வி-8 எஞ்சினைப் பொருத்திச் சுமார் 600 எண்ணிக்கையில் மட்டும் தயாரான காஸ்-23 தம்மிடம் இருப்பதாகச் சொல்பவர்கள் அந்த எண்ணிக்கையை எப்போதோ தாண்டிவிட்டார்கள். தகடும் தாளும் ஒத்துச் சொல்லாதவரை அந்தப் பெயரை விளம்பரத்தில் எழுதாதீர்கள்.

விற்பதற்கு முன் கொஞ்சம் பழுது பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் நல்ல விலை வராதா?

வராது. விற்பவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். துருவின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்த வண்டியைப் பார்க்கும் அனுபவசாலி, அடியில் இருப்பது உண்மையில் இருப்பதைவிட மோசம் என்றே கணக்குப் போடுவார். பெயின்ட் அடிக்காத, மங்கிய, தொழிற்சாலை நிறம் ஆங்காங்கே தெரியும் பாடிக்கு அவர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பார், ஏனென்றால் அங்கே மறைக்க எதுவும் இல்லை. தவிர, நீங்கள் அடிக்கும் பெயின்டை வாங்குபவர் எப்படியும் சுரண்டி எடுக்கப் போகிறார். அந்தக் கூலியையும் உங்கள் விலையில்தான் கழிப்பார்.

செய்ய வேண்டியவை வேறு. வண்டிக்குள் கிடக்கும் ஜாடி, பழைய டயர், உருளைக்கிழங்கு மூட்டை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கழுவுங்கள். டயர்களில் காற்றடியுங்கள். இறுகிப்போன பிரேக் டிரம்களை விடுவித்து, நான்கு சக்கரமும் உருளும்படி செய்யுங்கள். உருளாத வண்டியை ஏற்றிச் செல்வதற்கு ஆகும் செலவை நினைத்தே பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள். அலமாரியிலும் பரணிலும் பிரிந்து கிடக்கும் பாகங்களைத் தேடி ஒரே இடத்தில் சேருங்கள். கழற்றி வைத்த ஒரு கதவுக் கைப்பிடியோ விளக்கு வளையமோ உங்களுக்குக் குப்பையாகத் தெரியலாம்; வாங்குபவர் அதைத் தேடி மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

எஞ்சினை ஓடவிட்டுக் காட்ட வேண்டுமா?

ஓடினால் நல்லது, ஆனால் பல ஆண்டுகள் நின்ற எஞ்சினுக்கு பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரைத் திருகுவது அதைக் கெடுக்கும் வழி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, பிறகு முன்பக்கத் துளை வழியாகக் கைப்பிடியைச் செருகி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இந்தக் கைப்பிடி வண்டியோடு வந்த கருவிகளில் ஒன்று. தொலைந்திருக்காவிட்டால் டிக்கியில் இருக்கும். எஞ்சின் சுற்றினால் அதைச் சிறு காணொளியாக எடுத்துவிடுங்கள். "எஞ்சின் கையால் சுற்றுகிறது, ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை" என்று எழுதுவது நேர்மையான, விலைமதிப்புள்ள வாக்கியம். சுற்றவில்லை என்றால் நீண்ட இரும்புக் குழாயைப் போட்டு நெம்பாமல் அப்படியே விட்டு, இறுகியிருக்கிறது என்று எழுதுங்கள்.

எஞ்சினில் வாங்குபவர் எதைத் தேடுவார்?

காஸ்-21 எஞ்சின் 2,445 சி.சி. கொள்ளளவு கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். பிளாக் அலுமினியம், உள்ளே கழற்றி மாற்றக்கூடிய லைனர்கள், அதாவது சிலிண்டர் உறைகள். சோவியத் காலத்தில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது சாதாரணம். குளிர்கால இரவில் அதை வடித்துவிட மறந்தால் தண்ணீர் பனிக்கட்டியாக விரிந்து பிளாக் பிளந்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் டார்ச் அடித்து முதலில் தேடுவது பிளாக்கின் பக்கவாட்டில் வெல்டிங் தழும்பு அல்லது எபாக்சி பூச்சு. அது உங்கள் வண்டியில் இருந்தால் நீங்களே அண்மைப்படம் எடுத்து விளம்பரத்தில் போட்டுவிடுங்கள்.

பின்பக்கம் எண்ணெய் சொட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீலுக்குப் பதில் கயிறு போன்ற அடைப்பே இருந்ததால், புதிய வண்டியிலேயே கசிவு இருந்தது. இதைக் குறை என்று சொல்லி விலை குறைக்க வருபவருக்கு இந்த வண்டி புதிது என்று புரிந்துகொள்ளலாம்.

எஞ்சின் அசல்தானா என்பது தனிக் கேள்வி. பின்னாளில் வந்த வோல்காவான காஸ்-24-இன் எஞ்சினும், அதன் உறவான உவாஸ் ஜீப் எஞ்சினும் அதிகச் சிரமமின்றிப் பொருந்தும், பலர் மாற்றியிருக்கிறார்கள். கியர் ஸ்டியரிங் தண்டில் இருந்தால் அது மூன்று கியர் கொண்ட அசல் பெட்டி. தரையிலிருந்து கியர் தண்டு எழுந்தால் காஸ்-24-இன் நான்கு கியர் பெட்டி. அன்றாடம் ஓட்ட நினைப்பவருக்கு இந்த மாற்றம் வசதி, சேகரிப்பாளருக்குக் குறை. இரண்டையும் மறைக்காமல் எழுத வேண்டும். அசல் எஞ்சின் மூலையில் கிடந்தால் அதையும் சேர்த்தே விற்பது உத்தமம்.

துருவை எங்கெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டும்?

இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் முழு நீளத்துக்கு இல்லை. பாடியே பாரம் தாங்குகிறது. எனவே மட்கார்டு ஓட்டையும் தரை ஓட்டையும் ஒன்றல்ல. மட்கார்டு போல்ட்டில் நிற்பது. கழற்றி வேறு மாட்டிவிடலாம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பக்கவாட்டுப் பகுதியும், தரையும், எஞ்சினைத் தாங்கும் முன் சட்டமும் அரித்துப்போயிருந்தால் வண்டியின் வடிவமே குலையும்.

ஒரு மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, தரை விரிப்பைத் தூக்கி, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். தார் பூச்சு மேலே நன்றாகவே தெரியும். அழுத்தினால் அட்டை போல உள்வாங்கும். பிறகு பக்கவாட்டுப் பெட்டியின் அடிப்புறம், ஜாக்கி ஊன்றும் இடங்கள், முன் மட்கார்டின் பின்மூலை, கதவுகளின் கீழ்விளிம்பு, டிக்கியின் தரை, விளக்குகளைச் சுற்றிய வளையம் என்று போங்கள். முன் மட்கார்டின் பின்மூலையில் சக்கரம் வாரியடிக்கும் சேறு தங்கி, ஈரம் காயாமல் உள்ளிருந்து அரிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு இல்லை என்று கொள்ளலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. வண்டியின் ஒரு பக்கத்தை நடுவில் ஜாக்கி கொடுத்துச் சற்றே தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால் பாடி தொய்ந்திருக்கிறது. இதை வாங்குபவர் வந்து கண்டுபிடிப்பதைவிட நீங்களே செய்து, முடிவை எழுதிவிடுவது பேரத்தில் உங்களுக்கே சாதகம். அவர் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு குறையும் அதன் சொந்த விலையோடு, நீங்கள் சொல்லாமல் விட்டவை இன்னும் எத்தனை என்ற சந்தேகத்தின் விலையையும் சேர்த்தே குறைக்கும்.

இந்த வண்டியின் பாடி வெள்ளீயத்தில் முக்கியெடுத்தது, துருப்பிடிக்காது என்கிறார்களே?

அது கட்டுக்கதை. தொழிற்சாலையில் பாடித் தகடுகளின் இணைப்புகளைச் சமன்படுத்த ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றுக்கலவையை நிரப்பினார்கள். பெயின்டைச் சுரண்டியவர்கள் அந்த வெள்ளி நிறத்தைக் கண்டு முழு பாடிக்கும் பூச்சு என்று பரப்பிவிட்டார்கள். இரும்புத் தகடு தடிமனாக இருந்ததால் துளை விழத் தாமதமாயிற்று என்பது மட்டுமே உண்மை. இதனால் விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு: பட்டி இருக்கிறதா என்று பார்க்க வருபவர் காந்தத்தைத் தடவும்போது, தொழிற்சாலைப் பற்றுக்கலவை உள்ள இணைப்பிலும் காந்தத்தின் பிடி தளரும். அந்த இடம் இணைப்புக் கோட்டில் இருக்கிறதா, நடுப்பரப்பில் இருக்கிறதா என்று காட்டி விளக்கினால் வீண் சச்சரவு தவிரும்.

முன் சஸ்பென்ஷன், பிரேக் பற்றி எழுத வேண்டுமா?

சுருக்கமாக எழுதினால் போதும். முன்சக்கரங்கள் கிங் பின் எனப்படும் முளைகளில் திரும்புகின்றன. இவற்றுக்கு அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும், அடிக்காமல் ஓட்டியிருந்தால் தேய்ந்திருக்கும். நான்கு பக்கமும் டிரம் பிரேக், நான்குக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் இணைப்பு. நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டரும் ஹோஸும் மாற்றப்பட வேண்டியவை என்பதை வாங்குபவர் எவரும் எதிர்பார்த்தே வருவார்.

பானட்டின் மேலிருக்கும் மான் சிலையும் குரோம் பட்டைகளும் எவ்வளவு முக்கியம்?

மக்கள் நினைப்பதைவிட மான் குறைவு, மற்றவை அதிகம். பாயும் மான் தொடக்கக்கால வண்டிகளுக்கு உரியது. விபத்தில் பாதசாரிக்கு ஆபத்து என்று பின்னர் கைவிடப்பட்டது. இன்று புதிதாக வார்த்த மான்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மூன்றாம் தொடர் வண்டியில் மான் நின்றால் அது பெரும்பாலும் பிற்காலத்தில் மாட்டியதுதான். அதற்கு மாறாக, உடையாத அசல் ஸ்டியரிங் வளையம், மேற்புறம் ஒளி ஊடுருவும் அரைவட்ட ஸ்பீடோமீட்டர், கடிகாரம், வால்வு ரேடியோ, வளையாத பம்பர் ஆகியவை வாங்குபவரை நிறுத்திவைக்கும். பம்பரின் குரோம் உரிந்திருந்தாலும் தகடு நசுங்காமல் இருந்தால் மீண்டும் முலாம் பூசலாம்.

முன் இருக்கை ஒரே நீள சோபாவாக இல்லாமல் இரண்டாகப் பிரிந்திருந்தால், வண்டி டாக்சியாகப் பிறந்திருக்கலாம். அதை மறைக்கத் தேவையில்லை. சோவியத் நகரங்களில் வோல்கா என்றாலே பலருக்கு நினைவில் வருவது பச்சை விளக்கு எரிந்த டாக்சிதான். ஆவணத்தோடு நிரூபிக்க முடிந்தால் அது ஒரு தனிச் சிறப்பு. ஆனால் கூடுதல் குரோம் இருப்பதை மட்டும் வைத்து "ஏற்றுமதி மாடல்" என்று எழுதிவிடக் கூடாது. ஏற்றுமதி வகைகள் பின்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் பிற நாடுகளுக்கும் சென்றவை. அவற்றின் அலங்காரப் பட்டைகளை உள்நாட்டு வண்டிக்கு மாட்டுவது அரை நாள் வேலை.

விலையை எப்படி நிர்ணயிப்பது?

முழுமையாகச் சீரமைத்த வோல்காவின் விளம்பர விலையைப் பார்த்து அதில் பாதி கேட்பது பரவலான பழக்கம்; அதற்கு அடிப்படை இல்லை. தகடு வேலை, பெயின்ட், குரோம் முலாம், உள்துணி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் சீரமைத்த வண்டியின் விற்பனை விலையை எட்டிவிடும், சில சமயம் தாண்டியும் விடும். அந்தக் கணக்குப்படி உங்கள் வண்டிக்கு விலையே இருக்கக் கூடாது. இருந்தும் வாங்குகிறார்கள் என்றால், வேலையைத் தாமே செய்யும் ஆசைக்கும், சட்டப்படி ஓட்டத் தகுந்த ஆவணத்துக்கும், கிடைக்காத பாகங்களுக்கும்தான் பணம் தருகிறார்கள்.

ஆகவே விளம்பரத் தளங்களில் உங்கள் வண்டியின் நிலையிலேயே உள்ளவற்றை மட்டும் தேடி எடுங்கள்; ஓடும் வண்டிகளை ஒதுக்குங்கள். ஒரு வண்டி மாதக்கணக்கில் அதே விலையில் தொங்கினால் அந்த விலை சந்தை விலை அல்ல என்று பொருள். விரைவில் மறைந்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆவணம் சரியாக உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஓடும் வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. பருவமும் ஒரு காரணி: பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில் கராஜ் வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் மிகுதி, டிசம்பரில் பனிக்குவியலுக்கு அடியிலிருந்து வண்டியைத் தோண்டிக் காட்டி விற்க முயல்வது வீண்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது?

குறைகளை முதலில், வரிசையாக, தயங்காமல். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: "காஸ்-21, மூன்றாம் தொடர். ஆவணம் என் பெயரில், எண்கள் படிக்கும்படி உள்ளன. ஓடவில்லை, எஞ்சின் கையால் சுற்றுகிறது. ஓட்டுநர் பக்கத் தரை முழுவதும் மாற்ற வேண்டும். வலப்பக்கக் கதவுக்கடிப் பகுதி முன்பு வெல்டிங் செய்யப்பட்டுள்ளது, தரமாக இல்லை. பின்புறக் கண்ணாடி விரிசல். ரேடியோ இல்லை. பிரித்த பாகங்கள் இரண்டு பெட்டிகளில் உள்ளன, படம் இணைப்பில்." இதில் அழகுச் சொல் எதுவும் இல்லை, படிப்பவருக்குக் கேட்க வேண்டிய கேள்வியும் மிகக் குறைவு. "கம்பீரமான புராணம்", "கொஞ்சம் கை வைத்தால் ஓடும்" போன்றவை எதிர்விளைவையே தரும். கொஞ்சம் கை வைத்தால் ஓடுமானால் நீங்களே வைத்திருக்கலாமே என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில், வண்டியை வெளியே தள்ளி எடுங்கள். நான்கு மூலை, அடிப்பாகம், விரிப்பு தூக்கிய தரை, எஞ்சின் அறை, டேஷ்போர்டு, ஒவ்வொரு ஓட்டையின் அண்மைப்படம் ஆகியவை வேண்டும். தகட்டின் எண்களைப் பொதுவில் முழுமையாகக் காட்ட வேண்டாம். நேரில் வருபவருக்குக் காட்டினால் போதும்.

ஆவணத்தில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ரஷ்யாவில் 1993 முதல் வாகனப் பாஸ்போர்ட் என்ற ஆவணம் வழங்கப்படுகிறது. அதற்கு முன் சோவியத் காலத்துப் பதிவுப் புத்தகம் மட்டுமே. அன்றிலிருந்து கை மாறாத வண்டிக்கு இந்தப் பாஸ்போர்ட் இல்லாமலே இருக்கலாம். பழைய புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள். இன்றைய 17 இலக்க அடையாள எண் இந்தக் கார்களுக்குக் கிடையாது. பாடி எண்ணும் சாசி எண்ணுமே அடையாளம். தாளில் உள்ள ஒவ்வொரு இலக்கத்தையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் பதிவு மாற்றும் இடத்தில் காவல்துறை பரிசோதகர் வண்டியை நிபுணர் ஆய்வுக்கு அனுப்பிவிடுவார்.

எண் துருவில் மறைந்திருந்தால் கிரைண்டர் வைக்காதீர்கள், கம்பித் தூரிகையாலும் தேய்க்காதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஊறவைத்து, மென்மையாகத் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய எண், மாற்றியடித்த எண்ணைப் போலவே தோன்றும். தகட்டின் ரிவெட்டைக் கழற்றி மீண்டும் அடித்தாலும் அதே சந்தேகம் எழும். எண் மாற்றப்பட்டது என்று ஆய்வு சொன்னால் அந்த வண்டிக்குப் பதிவு கிடைக்காது, மிஞ்சுவது பாகங்களின் விலை.

முந்தைய உரிமையாளர் வரியைத் தவிர்க்க வண்டியை உடைப்புக்குப் போனதாக எழுதிக் கொடுத்துப் பதிவை நீக்கியிருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். அப்படி நீக்கப்பட்டதை மீட்பது மிகக் கடினம். காவல்துறையின் இணையத்தளத்தில் பாடி எண்ணைக் கொண்டு பதிவு வரலாறும் தடைகளும் பார்க்கலாம். அடமானம் உண்டா என்பதை நோட்டரிகள் சபையின் பதிவேட்டில் பார்க்கலாம். வாங்குபவர் எப்படியும் பார்ப்பார், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

வண்டி இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. விற்க முடியுமா?

நேரடியாக முடியாது. இறந்த ஆறு மாதத்துக்குள் நோட்டரியிடம் வாரிசுரிமை கோரி, சான்றிதழ் பெற வேண்டும். அதன் பிறகே வாரிசு விற்பனையாளராகக் கையெழுத்திட முடியும். வாரிசுகள் பலர் என்றால் அனைவரின் சம்மதமும் வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் வாரிசுச் சான்றிதழ் வாங்கியவர்கள் கராஜில் கிடந்த காரைப் பட்டியலில் சேர்க்க மறப்பது வழக்கமாக நடப்பது. நோட்டரியிடமே திரும்பிச் சென்று அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1990-களில் பெயர் மாற்றாமல் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தே பல வண்டிகள் கை மாறின. உங்களிடம் இருப்பது அப்படியொரு பத்திரம் மட்டுமே என்றால், அது காலாவதியாகியிருக்கும். எழுதிக் கொடுத்தவர் இறந்திருந்தால் அந்த நாளோடு செல்லாததாகிவிடும். சட்டப்படி வண்டி இன்னும் அவருடையது அல்லது அவருடைய வாரிசுகளுடையது. அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்பந்தம் எழுதிக்கொள்வதே நேர்வழி. முடியாவிட்டால், இந்த நிலையை மறைக்காமல் சொல்லி, அதற்குரிய குறைந்த விலையில் விற்க வேண்டியதுதான்.

பிரித்துப் பாகங்களாக விற்றால் அதிகம் கிடைக்குமா?

கூட்டுத்தொகை அதிகமாக வரலாம். ஆனால் கிரில், பம்பர், விளக்கு எல்லாம் முதல் சில வாரங்களில் போய்விட, கதவும் அச்சும் கியர் பெட்டியும் கராஜில் ஆண்டுக்கணக்கில் தங்கும். 4.8 மீட்டர் நீளமுள்ள வெற்றுப் பாடியைக் கடைசியில் காயலான் கடைக்கு எடைக்குப் போட வேண்டிவரும். ஆவணம் இல்லாத, முன் சட்டம் அரித்துப்போன வண்டிக்கு இது பொருந்தும். ஆவணமும் நேரான பாடியும் உள்ள வண்டியைப் பிரிப்பது எனக்கு உடன்பாடில்லாத செயல். கணக்கிலும் அது இலாபமாகத் தெரியவில்லை.

ஒப்பந்தத்தில் குறைகளை எழுத வேண்டிய அவசியம் என்ன?

அச்சிட்ட படிவங்களில் "வண்டியின் நிலை குறித்துப் புகார் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ரஷ்ய சிவில் சட்டத் தொகுப்பின் 475-ஆம் பிரிவின்படி, விற்பவர் சொல்லாத குறை பின்னர் தெரியவந்தால் வாங்கியவர் விலைக் குறைப்பு கேட்கலாம். குறை கடுமையானதாக இருந்தால் ஒப்பந்தத்தையே விட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உத்தரவாதக் காலம் எதுவும் குறிக்கப்படாத பொருளுக்கு இந்த உரிமை இரண்டாண்டு வரை நீடிக்கக்கூடும். அறுபது ஆண்டுப் பழைய காருக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்று சிரிக்கலாம், பொருந்தும்.

ஆகவே விளம்பரத்தில் எழுதிய குறைகளை அப்படியே ஒப்பந்தத்திலோ அதன் இணைப்பிலோ எழுதுங்கள்: ஓடும் நிலையில் இல்லை, தரை அரிக்கப்பட்டுள்ளது, பிரேக் செயல்படவில்லை, எஞ்சின் மாற்றப்பட்டுள்ளது, சீரமைப்புக்காகவே விற்கப்படுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தம் எளிய எழுத்து வடிவில் போதும், நோட்டரி தேவையில்லை. தலைக்கு ஒன்றும் பதிவு அலுவலகத்துக்கு ஒன்றுமாக மூன்று படிகள் எடுப்பது வழக்கம். வாங்குபவரின் அடையாள ஆவணத்தைப் பார்த்து விவரங்களை நீங்களே எழுதுங்கள். வாங்குபவர் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் கேட்பவர் இடைத்தரகர், உங்கள் பெயரிலேயே வண்டியை அடுத்தவருக்கு விற்கப் போகிறார்.

ஒப்பந்தத்தில் விலையைக் குறைத்து எழுதச் சொன்னால்?

மறுத்துவிடலாம். அது வரியை மறைப்பதாகும். பின்னர் தகராறு வந்தால் எழுதிய தொகையா, வாங்கிய தொகையா என்று இருவருமே நிரூபிக்க முடியாமல் தவிப்பார்கள். தவிரவும், பெரும்பாலானோருக்கு அதற்குத் தேவையே இல்லை. மூன்று ஆண்டுக்கு மேல் உரிமையில் இருந்த காரை விற்கும் தனிநபருக்கு வருமான வரி இல்லை. வாரிசாகப் பெற்றிருந்தால் முந்தைய உரிமையாளர் இறந்த நாளிலிருந்தே அந்தக் காலம் கணக்கிடப்படும். அதற்குக் குறைவாக இருந்தாலும், நாட்டில் குடியிருப்பாளராக வரி செலுத்துபவருக்கு ஆண்டுக்கு 2,50,000 ரூபிள் வரை கழிவு உண்டு.

முன்பணம் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எந்த வகை என்று எழுத்தில் இருக்க வேண்டும். சட்டத் தொகுப்பின் 381-ஆம் பிரிவு சொல்லும் உறுதிப்பணம் என்றால், வாங்குபவர் பின்வாங்கினால் அதை இழப்பார். நீங்கள் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். வெறும் அட்வான்ஸ் என்று எழுதியிருந்தால் யார் பின்வாங்கினாலும் அதே தொகையைத் திருப்பிக் கொடுத்தால் போதும். எதுவுமே எழுதாமல் கைமாறிய தொகை அட்வான்ஸாகவே கருதப்படும். முதல் நாள் பார்க்க வந்தவரிடமே உறுதிப்பணம் வாங்கிவிட்டு, மறுநாள் கூடுதல் விலை சொல்பவர் வந்தால் சங்கடப்படுவது நீங்கள்தான்.

விற்ற பிறகு நான் செய்ய வேண்டியது என்ன?

வண்டியை வின்ச் உள்ள ஏற்றுவண்டியில் வாங்கியவர் செலவில் கொண்டுபோகச் செய்யுங்கள். பிரேக் இல்லாத, ஏறக்குறைய ஒன்றரை டன் எடையுள்ள வண்டியைக் கயிறு கட்டி நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்ல அனுமதிக்காதீர்கள். கராஜ் வாசலிலேயே பாகப் பெட்டிகளைத் திறந்து காட்டி, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். பதிவைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. சீரமைக்க வாங்குபவர்கள் பெரும்பாலும் உடனே மாற்றுவதில்லை, ஏனென்றால் அந்த வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக முடியாத நிலை. அதுவரை வாகன வரிச் சீட்டு உங்கள் பெயருக்கே வரும். பதினோராம் நாளிலிருந்து, உங்களிடமுள்ள ஒப்பந்தப் படியைக் காட்டிப் பதிவை நிறுத்தும்படி விண்ணப்பிக்கலாம். இதனால் வாங்கியவரின் உரிமை போய்விடாது, வண்டி தயாரானதும் அவர் தன் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். இப்படிச் செய்யப் போவதை விற்கும் நாளிலேயே அவரிடம் சொல்லிவிடுவது முறை.